புதுப்பித்த எஞ்சின் சூடேறுதலும் அதன் காரணத்தைக் கண்டறிதலும்

கமக்காரர் ஒருவரின் உழைப்பு வயலோடும் தோட்டத்தோடும் முடிந்துவிடுவதில்லை. விளைந்த நெல் ஆலைக்கும், பறித்த மரக்கறி சந்தைக்கும் உரிய வேளையிற் போய்ச் சேர்ந்தாலன்றி அவ்வுழைப்பிற்குப் பலன் கிட்டாது. முன்னர்க் கொழும்பு புறக்கோட்டையில் இருந்து இப்போது பேலியகொடைக்கு மாறியுள்ள மெனிங் சந்தைக்கு மரக்கறி லொறிகள் இரவோடிரவாக வந்து சேர்வதும், அங்கிருந்து கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை முதலிய இடங்களின் கடைகளுக்குச் சரக்குப் பிரிந்து செல்வதும் யாவரும் அறிந்ததே. வழியில் லொறி நின்றுவிட்டால் கீரையும் தக்காளியும் காத்திருக்கமாட்டா.

வாகன இறக்குமதி 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்டு, 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே மீண்டும் பரவலாக அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளிற் பழைய லொறியையும் உழவு இயந்திரத்தையும் வைத்தே காலங்கழிக்க வேண்டியிருந்தமையால், தேய்ந்த எஞ்சினை இறக்கி, சிலிண்டரைத் துளைத்துப் புதிய பிஸ்டனும் வளையங்களும் இட்டுப் புதுப்பித்துக்கொண்டோர் பலர். இதற்கான உதிரிப் பாகங்களைத் தேடிக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு வராத கமக்காரர் குறைவு. இவ்வாறு பெரும் பணஞ் செலவிட்டுப் புதுப்பித்த எஞ்சின், முதற் பயணத்திலேயே கொதித்து நீரைக் கக்கினால் உரிமையாளர் மனமுடைந்து போவது இயல்பு. வேலை முழுவதும் பாழாயிற்று என்று எண்ணி மீண்டும் எஞ்சினைக் கழற்றச் செய்வோரும் உளர். பெரும்பாலும் அதற்குத் தேவை இராது. புதுப்பித்த எஞ்சின் சூடேறுவதற்குரிய காரணங்களிற் பல, எஞ்சினைத் திறவாமலே கண்டுபிடித்து நீக்கக்கூடியவை. ஆயினும் காரணத்தைக் கண்டறியுமுன் அதனைத் தொடர்ந்து ஓட்டினால், சிறு பழுது பெரும் பழுதாகிவிடும்.

நீர் செல்லும் வழி

டீசலோ பெற்றோலோ எரிவதனால் உண்டாகும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினைக் குளிர்நீரே வெளியேற்ற வேண்டும். பம்பு தள்ளும் நீர் சிலிண்டர்களைச் சுற்றி மேலேறி, சிலிண்டர் ஹெட்டினூடாகச் சென்று, தேமோஸ்ராற் என்னும் வெப்பக் கதவைத் தாண்டி றேடியேற்றரின் மேற்பகுதியை அடைகிறது. அங்கே மெல்லிய குழாய்கள் வழியாக இறங்கும்போது விசிறி இழுக்கும் காற்றினாற் குளிர்ந்து, கீழ்க் குழாய் வழியாகப் பம்பிற்குத் திரும்புகிறது. தோட்டத்து வாய்க்கால் எங்காவது அடைபட்டால் கடைசிப் பாத்திக்கு நீர் எட்டாததைப் போலவே, இவ்வழியில் ஓரிடம் அடைபட்டாலும் எஞ்சினின் ஏதோவொரு மூலை வரண்டு சூடேறும்.

தேமோஸ்ராற் பெரும்பாலும் 76 முதல் 88 பாகை செல்சியசுக்குள் திறக்கத் தொடங்கும். அந்த அளவு அதன்மீதே பொறிக்கப்பட்டிருக்கும். றேடியேற்றர் மூடியும் வெறும் மூடியன்று. கடல் மட்டத்தில் நீர் 100 பாகையிற் கொதிக்கும். நுவரெலியாவின் உயரத்தில் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். மூடி நீரை அமுக்கத்தில் வைத்திருப்பதனாற் கொதிநிலை உயர்கிறது. 0.9 எனப் பொறிக்கப்பட்ட மூடி நல்ல நிலையில் இருப்பின், கொழும்பில் வெறும் நீர்கூட ஏறத்தாழ 118 பாகை வரை கொதியாது. மூடியின் இறப்பர் வளையம் வெடித்திருந்தாலோ வில்லுச் சுருள் தளர்ந்திருந்தாலோ இவ்வனுகூலம் அற்றுப்போகும். ஆதலால், பேரளவில் எஞ்சின் வேலை செய்வித்தவர் மூடிக்கு மட்டும் பழையதையே போதுமென்று விடுதல் சரியான சிக்கனமன்று.

கொதிப்பெல்லாம் பழுதன்று

லான்ட்மாஸ்டர் என்ற பழைய வணிகப் பெயராலேயே இன்றும் வழங்கும் இருசில்லு உழவு இயந்திரங்களிற் சிலவற்றுக்கு றேடியேற்றரோ பம்போ கிடையாது. படுக்கை வாட்டில் அமைந்த ஒற்றைச் சிலிண்டருக்கு மேலே நீர்த்தொட்டி ஒன்றிருக்கும். அந்நீர் கொதித்து ஆவியாகிச் செல்வதே அவ்வெஞ்சினைக் குளிர்விக்கும் முறை. அதில் ஆவி எழுவதைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. மிதவை தாழ்ந்தவுடன் நீர் ஊற்றினாற் போதும். தொட்டி வற்றும்வரை உழுவதுதான் கேடு. றேடியேற்றர் பூட்டிய இருசில்லு இயந்திரங்களுக்கும், நான்கு சில்லு உழவு இயந்திரங்களுக்கும், லொறிகளுக்கும் இச்சலுகை இல்லை. அவை கொதித்தாற் பழுதே.

புதிய வளையங்கள் சிலிண்டர்ச் சுவரோடு இணங்கும்வரை உராய்வு சற்று மிகுதியாக இருக்கும். எனவே வெப்பமானி முள் முன்பிருந்ததைவிட ஒரு கோடு உயர்ந்து நிற்றல் கூடும். இதற்காகவே முதற் சில நூறு கிலோமீற்றர் தூரத்திற்குப் பாரங் குறைத்து ஓட்டச் சொல்வது. ஆனால் முள் செந்நிறக் கோட்டைத் தொடுவதும், நீர் வெளியே பொங்குவதும் புதுமையின் இயல்பல்ல. "ஓட ஓடச் சரியாய்விடும்" என்று வேலைத்தளத்தில் எவர் கூறினும் அவ்வார்த்தையை நம்பி நெல் மூட்டை ஏற்றலாகாது.

உள்ளே அடைபட்ட காற்று

முதலிற் சந்தேகிக்க வேண்டியது இதுவே. எஞ்சினைத் திறந்து வேலை செய்யும்போது நீர் முழுவதும் வடிக்கப்பட்டு, அவ்விடங்களிற் காற்று நிறைந்துவிடுகிறது. மீண்டும் பூட்டியபின் வாய்வரை நீரூற்றி மூடியை இறுக்கிவிட்டால், நிறைந்ததுபோலத் தோன்றும். ஆனால் தேமோஸ்ராற் மூடியிருப்பதால், அதற்குப் பின்னால் ஹெட்டினுள் இருக்கும் காற்று வெளியேற வழியின்றித் தங்கிவிடும். காற்றுள்ள இடத்தில் இரும்பு சூடேறி, அங்குள்ள சிறிது நீரும் ஆவியாகி, அவ்வாவி நீரோட்டத்தை மேலும் தடுக்கும். றேடியேற்றர் தொட்டாற் குளிர்ந்தே இருக்க, எஞ்சின் மட்டும் கொதிக்கும்.

இதன் அடையாளங்கள் தெளிவானவை. முள் திடீரென ஏறித் திடீரென இறங்கும். எஞ்சினை நிறுத்தியவுடன் உள்ளே கொட்டுக் கொட்டென்ற ஓசை கேட்கும். ஆறியபின் மூடியைத் திறந்து பார்த்தால், நிரப்பிய நீர் பாதியளவு தாழ்ந்திருக்கும். ஆனால் நிலத்தில் ஒழுகிய தடம் இராது.

இங்கே கவனிக்கத்தக்க இன்னொன்றும் உண்டு. வெப்பமானியின் உணர்முனை நீரில் அமிழ்ந்திருந்தால்தான் சரியான சூட்டைக் காட்டும். காற்றிடையே நின்றால், எஞ்சின் எரியும் நிலையிலும் முள் தாழ்ந்தே நிற்கக்கூடும். ஆகவே ஏறிக்கொண்டிருந்த முள் காரணமின்றிச் சடுதியாகக் கீழே விழுமாயின், அதனை நற்செய்தியாகக் கொள்ளாது உடனே நிறுத்திப் பார்த்தல் வேண்டும். எஞ்சினை எரியவிட்டோரிற் பலர் "முள் கீழேதானே நின்றது" என்றே கூறுவர்.

காற்றை வெளியேற்றும் முறை கடினமானதன்று, பொறுமைதான் வேண்டும். எஞ்சின் முற்றாக ஆறிய நிலையில், றேடியேற்றர் வாய் எல்லாவற்றினும் உயர்ந்து நிற்கும்படி வாகனத்தின் முன்புறத்தை மேடான இடத்தில் ஏற்றி நிறுத்துக. கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதி போன்ற நெருக்கமான இடத்தில் வேலை முடித்து வாகனத்தைப் பெறுவோர், அங்கேயே அவசரமாக நீரூற்றிப் புறப்படாமல், முன்சில்லுகளின் கீழ்ப் பலகை இட்டேனும் இதனைச் செய்வித்தல் நன்று. காற்றுப் போக்கும் திருகு அமைந்திருப்பின் அதனைத் தளர்த்திவிட வேண்டும். நீரை மெல்லிய தாரையாக, இடைவிட்டு ஊற்றுக. ஊற்றும்போதே மேற்குழாயையும் கீழ்க்குழாயையும் கையால் அமுக்கி அமுக்கி விட்டாற் குமிழிகள் எழும். திருகின் வாயிற் குமிழியின்றி நீர் மட்டும் வந்தால் அதனை இறுக்கலாம். பின்னர் மூடியைப் பூட்டாமலே எஞ்சினை மெதுவோட்டத்தில் விடுக. பத்துப் பதினைந்து நிமிடத்தில் மேற்குழாய் சடுதியாகச் சுடத் தொடங்கும். தேமோஸ்ராற் திறந்துவிட்டதென்பதற்கு அதுவே அறிகுறி. அவ்வேளை நீர்மட்டம் சரேலென இறங்கும். இறங்கிய அளவுக்கு ஊற்றி, குமிழி நின்றபின் மூடுக. மறுநாட் காலை எஞ்சின் ஆறியிருக்கும்போது மீண்டும் பார்த்தால் இன்னுஞ் சிறிது கொள்ளும். இரண்டு மூன்று நாட்களுக்குப் பின்னும் நீர் குறைந்துகொண்டே போனால், குற்றம் வேறிடத்தில் உள்ளது.

காலி வீதியும் கடுகண்ணாவை ஏற்றமும்

எப்போது சூடேறுகிறது என்பதைக் கவனித்தாலே பாதிக் காரணம் விளங்கிவிடும். கொழும்பில் இதனை அறிவதற்குத் தனிக் கருவி வேண்டியதில்லை. மாலை வேளையில் வெள்ளவத்தைக் காலி வீதியில் வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் ஊர்ந்து செல்லும்போது முள் ஏறி, நெரிசல் நீங்கி ஓடத் தொடங்கியதும் இறங்குமாயின், குறை நீரில் இல்லை, காற்றில் உள்ளது. ஓடும் வாகனத்திற்கு எதிர்க்காற்றே போதும். ஊர்ந்து செல்லும் வாகனத்திற்கு விசிறியன்றி வேறு துணையில்லை.

அப்போது விசிறியைப் பார்க்க வேண்டும். பட்டி தளர்ந்திருக்கலாம், இரு கப்பிகளுக்கு நடுவே பெருவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ அரை அங்குலம் தாழ்வது அளவு. இலைகள் முன்பின்னாக மாற்றிப் பூட்டப்பட்டிருக்கலாம். மின்சார விசிறியாயின் இரு கம்பிகளும் இடம் மாறிக் கொடுக்கப்பட்டு, விசிறி எதிர்ப்புறமாகச் சுழன்று, வரும் காற்றைத் தள்ளிக்கொண்டிருக்கலாம்; சுழல்கிறதே என்று பார்த்துவிட்டுப் போவோர்க்கு இது புலப்படாது. எஞ்சின் ஓடும்போது றேடியேற்றரின் முன்முகத்தில் ஒரு தாளைப் பிடித்தால், அது வலையோடு ஒட்டி நிற்க வேண்டும். ஒட்டாது பறந்தால் விசிறி எதிர்ப்புறமாகத் தள்ளுகிறது. இவை தவிர, விசிறியைச் சுற்றியிருக்கும் தகட்டுக் கூடு வேலைக்காகக் கழற்றப்பட்டு, மறுபடி பூட்டப்படாமல் வேலைத்தளத்தின் மூலையிலேயே கிடப்பதும் உண்டு. அது அலங்காரப் பொருளன்று. அது இல்லையேல் விசிறி தன்னைச் சுற்றியுள்ள காற்றையே கலக்கிக்கொண்டிருக்கும், றேடியேற்றரினூடாக இழுக்காது.

நெருக்கடியில் அமைதியாக நின்ற முள், பசளை மூட்டைகளோடு கண்டி வீதியிற் கடுகண்ணாவை ஏற்றத்தை ஏறும்போது உயருமாயின், நிலைமை மாறானது. விசிறி தன் வேலையைச் செய்கிறது. நீர்தான் போதிய அளவு ஓடவில்லை. றேடியேற்றர்க் குழாய்கள் அடைபட்டிருத்தல், தேமோஸ்ராற் அரைகுறையாகத் திறத்தல், பம்பின் சுழலி தண்டில் வழுக்குதல், உள்ளே வில்லுச் சுருளற்ற கீழ்க்குழாய் வேகத்தின்போது உறிஞ்சப்பட்டுச் சப்பையாதல் ஆகியவற்றை ஆராய்க. டீசல் செலுத்தும் நேரம் தவறாக அமைக்கப்பட்டாலும் ஏற்றத்திற் சூடேறும். அதனைத் தேர்ந்த மெக்கானிக்கே திருத்த வேண்டும்.

சூடு மிதித்தல், நெல் அரிதல் ஆகியவற்றிற்குப் பயன்படும் உழவு இயந்திரங்களில் றேடியேற்றர் வலையிற் பதரும் வைக்கோற் தூசியும் ஒட்டிப் போர்வைபோல் மூடிக்கொள்ளும். இதனை எஞ்சின் பக்கமிருந்து வெளிநோக்கி நீர் பாய்ச்சிக் கழுவ வேண்டும். முன்புறமிருந்து பாய்ச்சினால் தூசி இன்னும் உட்செல்லும்.

பூட்டும்போது நேரும் தவறுகள்

தேமோஸ்ராற்றின் வில்லுச் சுருளுள்ள பக்கம் எஞ்சினை நோக்கி இருக்க வேண்டும். தலைகீழாகப் பூட்டினால், சூடான நீர் அதன் மெழுகுக் குமிழைச் சரிவரத் தொடாமையால் அது காலந்தாழ்த்தித் திறக்கும். புதிதாக வாங்கியதையும் பூட்டுமுன் சோதிப்பது நல்லது. பாத்திரமொன்றில் நீரிட்டு, அடியைத் தொடாதபடி நூலிற் கட்டித் தொங்கவிட்டுச் சூடாக்கினால், நீர் கொதிக்குமுன் அது நன்றாகத் திறத்தல் வேண்டும்.

இவ்வெப்ப நாட்டிற்குத் தேமோஸ்ராற் எதற்கு என்று அதனைக் கழற்றி எறியும் வழக்கம் பரவலாக உண்டு. இது தவறான வழக்கம். பல எஞ்சின்களில் தேமோஸ்ராற் திறக்கும்போதே, றேடியேற்றரைத் தவிர்த்துச் செல்லும் குறுக்கு வழியை அது மூடுகிறது. அதனை அகற்றிவிட்டால் நீரின் ஒரு பகுதி எந்நேரமும் குறுக்கு வழியிலே சுற்றி, குளிராமலே திரும்பும். வேறு சில எஞ்சின்களில் எதிர்மாறாக, மலைநாட்டுக் குளிரில் எஞ்சின் உரிய சூட்டை அடையாமல் ஒயில் கெட்டுச் சிலிண்டர் விரைவில் தேயும். இரண்டும் புதுப்பித்த பணத்தை நீரில் விடுவதே.

ஹெட் கஸ்கெற்றை முன்பின் மாற்றி வைத்தால் நீர்த்துளைகள் மறைபடும். சிலிக்கன் பசையை அளவின்றிப் பூசினால், பிதுங்கிய பசை உலர்ந்து, கழன்று, றேடியேற்றர்க் குழாயில் அடைத்துக்கொள்ளும். தூசி விழாதிருக்கக் குழாய் வாயிற் செருகிய துணி அங்கேயே இருந்துவிடுவதும் உண்டு. புதுப்பிக்கும்போது எஞ்சினுட் கிளறப்பட்ட பழைய துரு முழுவதும், ஓடத் தொடங்கியதும் றேடியேற்றரையே நாடிச் செல்லும். ஆகையால் எஞ்சின் வேலையோடு றேடியேற்றரையும் கழற்றி, நீர் வழக்கமாகச் செல்லும் திசைக்கு எதிராகப் பாய்ச்சிக் கழுவித் தெளிந்த நீர் வரும்வரை விடுதல் இன்றியமையாதது.

எந்த நீரை ஊற்றுவது

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணாம்புக் கற்பாறையினின்று ஊறுவது. அந்நீரைக் கொதிக்க வைக்கும் கேத்தலின் உட்புறத்தில் வெண்ணிறப் படை படிவதை ஒவ்வொரு வீட்டிலும் காணலாம். அதே படை எஞ்சினுள்ளும், றேடியேற்றரின் ஒடுங்கிய குழாய்களிலும் படிகிறது. வெப்பத்தைக் கடத்தாமல் தடுக்கிறது. வெங்காயத்திற்கும் புகையிலைக்கும் இறைக்கும் நீர் எஞ்சினுக்கு ஆகாது. வெள்ளவத்தை போன்ற கடலோரப் பகுதிகளிற் கிணற்று நீர் உவர்ப்பாக இருக்கக்கூடும். உப்பு அலுமினியத்தையும் இரும்பையும் அரிக்கும். கொழும்பிற்கு லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும், களனி ஆற்றின் அம்பத்தளையிலிருந்தும் வரும் குழாய்நீர் இவற்றினும் மென்மையானது. ஊரில் உள்ளோர், முதல் மழையை விட்டுப் பின்னர்ப் பெய்யும் மழைநீரைத் துப்புரவான கொள்கலத்திற் சேர்த்து வைத்தால் அதுவே சிறந்தது; இல்லையேற் பற்றரிக்கு ஊற்றும் வடிநீரை வாங்கலாம். துருவைத் தடுக்கும் கூலன்ற் திரவத்தை எஞ்சின் நூலிற் குறித்த அளவிற் கலத்தல் வேண்டும். வெவ்வேறு வகைக் கூலன்ற்களை ஒன்றோடொன்று கலக்கலாகாது. சில கலந்தவுடன் களிபோலத் திரளும்.

வேலைத்தளத்திற்குத் திரும்ப வேண்டியபோது

காற்றை நீக்கி, விசிறியையும் நீரோட்டத்தையும் சரிபார்த்த பின்னும் சூடேறினால், எரிவாயு நீர் வழியிற் புகுகிறதா என்று பார்க்க வேண்டும். ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து, பம்பைச் சுழற்றும் பட்டியைக் கழற்றிவிட்டு, ஒரு நிமிடத்திற்கு மேற்படாமல் எஞ்சினை ஓட்டுக. றேடியேற்றர் வாயிற் குமிழிகள் ஓயாது எழுந்தால் ஹெட் கஸ்கெற் பிடிக்கவில்லை, அல்லது ஹெட்டில் வெடிப்புண்டு. ஒயிற் கோல் பால் கலந்த தேநீர் நிறத்தில் வந்தாலும், சூடேறிய பின்னரும் இனிய மணத்தோடு வெண்புகை கக்கினாலும் இதே ஐயமே. அந்நிலையில் ஓரடியும் ஓட்டாது, வேலை செய்தவரிடமே கட்டியிழுத்துச் செல்க. ஹெட் ஆணிகள் உரிய வலுவில், உரிய ஒழுங்கில் இறுக்கப்பட்டனவா, ஹெட்டின் முகம் மட்டம் பார்த்துச் சீவப்பட்டதா, சில எஞ்சின்களுக்கு வேண்டியவாறு முதல் ஓட்டத்தின்பின் மறுபடி இறுக்கப்பட்டதா என்பவற்றை அவரிடம் கேட்டறிய வேண்டும். பற்றுச்சீட்டும், எந்த நாளில், எத்தனை கிலோமீற்றரில், எந்த வீதியிற் சூடேறியது என்ற சிறு குறிப்பும் கையிலிருந்தால், வீண் வாதம் குறைந்து காரணம் விரைவில் வெளிப்படும்.

வழியிற் கொதித்தால்

பாரத்தோடு செல்லும்போது முள் செந்நிறத்தை நெருங்கினால், சந்தைக்கு இன்னும் இரண்டு மைல்தானே என்று ஓட்டலாகாது. ஒரு லொறித் தக்காளி போனால் அந்த வாரத்து வருமானம் போகும். அலுமினிய ஹெட் வளைந்தால் அந்தப் போகத்தின் வருமானமே போய்விடக்கூடும். ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, முன்மூடியை உயர்த்திவிடுக. சரக்கை வேறு வாகனத்திற்கு மாற்ற முடியுமாயின் அதனையே முதலிற் செய்க.

றேடியேற்றர் மூடியை உடனே திறத்தல் உயிருக்கே ஆபத்து. அமுக்கம் விடுபட்டதும் 100 பாகையைத் தாண்டிய நீர் ஒரே நொடியில் ஆவியாய்ச் சீறி முகத்தையும் கைகளையும் அவித்துவிடும். அரை மணி நேரத்திற்குக் குறையாமற் காத்திருந்து, மேற்குழாயைக் கையால் தொடக்கூடிய அளவுக்கு ஆறிய பின்னர், தடித்த ஈரச் சாக்கை மூடிமேல் இட்டு, முதற் தடுப்புவரை மட்டுமே திருப்பி ஆவியை விடுக. சீறும் ஓசை அடங்கியபின் முழுவதுந் திறக்கலாம். சுட்ட எஞ்சினிற் குளிர்நீரை ஒரேயடியாக ஊற்றினால் ஹெட் வெடிக்கும். எஞ்சினை மெதுவோட்டத்தில் விட்டுச் சிறிது சிறிதாக ஊற்றுக.

புதுப்பித்த எஞ்சினோடு செல்லும் முதல் ஐந்தாறு பயணங்களுக்கேனும் 5 லீற்றர் நல்ல நீர், ஒரு மாற்றுப் பட்டி, குழாய்ப் பிடி இரண்டு, ஒரு சாக்கு ஆகியவற்றை ஆசனத்தின் கீழ் வைத்திருத்தல் வேண்டும்.